சிந்தாமல் ஒயில் மாற்ற எந்தக் கருவி?

சென்ற மாரிக்குச் சற்று முன்னர், குச்சவெளிப் பகுதியில் வெங்காயம் செய்கின்ற ஒரு குடும்பத்தின் வளவுக்குச் சென்றிருந்தோம். பல வருடங்கள் அகதி முகாமில் இருந்து, மீண்டும் வந்து, பற்றைக் காட்டை வெட்டித் தங்கள் பழைய கிணற்றைக் கண்டுபிடித்துத் துப்புரவாக்கிய குடும்பம் அது. தேநீர் வைப்பதற்குத் தண்ணீர் எடுக்க அந்தத் தாய் பக்கத்து வளவுக்குக் குடத்துடன் போனார். கிணறு முற்றத்திலேயே இருக்க ஏன் அங்கே போகிறீர்கள் என்று கேட்டோம். "எங்கட கிணத்துத் தண்ணியில எண்ணெய் மணக்குது ஃபாதர், குடிக்க ஏலாது" என்றார். வாளியை இறக்கிப் பார்த்தோம். நீரின் மேல் மயிலிறகு நிறத்தில் ஒரு மெல்லிய படலம் மினுங்கியது. கிணற்றிலிருந்து நாலு எட்டுத் தூரத்தில் நீரிறைக்கும் இயந்திரம் நின்றது. அதனடியில் மணல் கறுத்து, தார் ஊற்றியது போல் இறுகிக் கிடந்தது. மூன்று வருடமாக அந்த இடத்திலேயே ஒயில் மாற்றி, பழைய ஒயிலை அப்படியே மணலில் விட்டிருக்கிறார்கள்.

யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. இயந்திரத்தைக் கொடுத்தவர்கள் ஒயில் மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள். வடிகின்ற ஒயிலை எதில் ஏந்துவது என்று சொல்லவில்லை. கொடுத்தவர்களுள் நாமும் அடங்குவோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே இவ்விதழில் அந்தக் குறையைத் தீர்க்க முயல்கிறோம்.

மணல் தரையும் கிணற்று நீரும்

நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, புல்மோட்டை என்று வடக்கே நீளுகின்ற இந்தக் கரையோரத்தின் நிலத்தடி நீர் ஒரு தனி வகையானது. மண்ணியல் அறிஞர் பானபொக்கே அவர்கள் 2005 ஆம் ஆண்டில் இன்னொருவருடன் சேர்ந்து இலங்கையின் நிலத்தடி நீர் பற்றி எழுதிய நூலில், கற்பிட்டி, மன்னார், நிலாவெளி - குச்சவெளி, புல்மோட்டை, கல்குடா ஆகியவற்றைக் கரையோர மணலில் ஆழம் குறைந்த நீர் தங்கும் இடங்களாகக் குறிப்பிட்டிருக்கிறார். மாரி மழை மணலூடாக இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நாம் குடிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் அந்தப் படையைத்தான். மாரி முடிந்த கையோடு கயிறு அதிகம் விடாமலே தண்ணீர் அள்ளலாம். கச்சான் காற்று வீசி முடியும் காலத்தில் அது கீழே போய்விடும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஏறியபோது இந்தப் படைக்கு என்ன நடந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிணறுகளைத் துப்புரவாக்குகிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்ததனால், கீழே இருந்த உப்பு நீர் மேலும் ஏறிய கிணறுகள் கிழக்குக் கரையில் பல. உப்பையாவது அடுத்தடுத்த மாரிகள் கழுவிவிடும். ஒயில் அப்படி அல்ல. களிமண்ணில் ஊற்றிய ஒயில் மேலேயே தேங்கி நிற்கும். மணலில் ஊற்றியதோ மழையுடன் நேரே கீழே இறங்கும். நீரை விடப் பாரம் குறைந்ததாகையால் நிலத்தடி நீரின் மேல் மிதந்து, நீர் போகும் பக்கமாக நகரும். நாம் இறைக்க இறைக்க நீர் எந்தப் பக்கம் வருகிறது? கிணற்றுப் பக்கம்தான்.

இதை மிகைப்படுத்திச் சொல்கிறோம் என்று எண்ணுவோர் சுன்னாகத்தை நினைத்துப் பார்க்கலாம். அங்கே மின் நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது தெரியவந்து, 2015 இன் தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. அது பெரிய நிலையம், பெரும் அளவு எண்ணெய், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலம். எமது இயந்திரம் சிறியது. ஆனால் எமது கிணறும் சிறியது. அது இயந்திரத்திலிருந்து நாலு எட்டில் இருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். தோட்டங்களில் அதிகம் காணப்படும் ஹொண்டா ஜி.எக்ஸ் 160 வகை எஞ்சினுக்குள் ஏறத்தாழ 600 மில்லிலீற்றர் ஒயில் போகிறது. புதிய எஞ்சினுக்கு முதல் 20 மணி நேர ஓட்டத்தில் ஒரு தடவையும், பின்னர் ஒவ்வொரு 100 மணிக்கும் அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் மாற்றச் சொல்கிறது அதன் கைந்நூல். நாளுக்கு 4 மணி நேரம் இறைத்தால் 25 நாளில் 100 மணி ஆகிவிடும். ஒரு வெங்காயப் போகத்தில் இரண்டு அல்லது மூன்று தடவை. பத்து இயந்திரங்கள் ஓடுகின்ற ஒரு தோட்ட வெளியில் மூன்று தடவை மாற்றினால் 18 லீற்றர். ஒரு லீற்றர் கழிவு ஒயில் பத்து இலட்சம் லீற்றர் நன்னீரைப் பழுதாக்கப் போதும் என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் சொல்லி வருகின்ற கணக்கு.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் இன்னொரு தொல்லையும் தரும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைக் கடந்து ஒயிலுக்குள் இறங்கி அதை நீராக்கும். அளவுக் கோலில் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால், மணந்து பார்த்தால் மண்ணெண்ணெய் மணந்தால், 100 மணி வரை பொறுத்திருக்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவிய பிறகு, ஒயில் மாற்றும் செலவையாவது தள்ளிப் போடுவோம் என்று எண்ணியவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. ஆனால் எஞ்சின் பிடித்துவிட்டால் ஒயிலின் விலையோடு ஒப்பிட முடியாத செலவு வரும்.

அடியால் வடிப்பது

எஞ்சினிலிருந்து ஒயிலை எடுக்க இரண்டு வழிதான். அடியிலுள்ள வடிகால் ஆணியைக் கழற்றி வடிய விடலாம். அல்லது அளவுக் கோல் போகும் துளை வழியே மேலால் உறிஞ்சி எடுக்கலாம். கடைகளில் எத்தனை பெயரில் எத்தனை கருவி விற்றாலும் இவ்விரண்டில் ஒன்றுக்குத்தான் அது உதவும்.

அடியால் வடிப்பதே எஞ்சினுக்கு நல்லது. ஏனெனில் கசடும் உலோகத் துகளும் அடியிலேயே தங்கும். அவை ஒயிலோடு வெளியே வர வேண்டும். அதற்கு ஒயில் சூடாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஓட விட்டு நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டில் ஆணியைக் கழற்றுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கழற்றினால் கை வெந்துவிடும். குளிரக் கழற்றினால் கசடு உள்ளேயே நிற்கும்.

சிந்துவது எங்கே என்று நாம் பல கிணற்றடிகளில் நின்று பார்த்திருக்கிறோம். நீரிறைக்கும் இயந்திரத்தின் வடிகால் ஆணி மிகத் தாழ்வாக, இரும்புச் சட்டத்துக்கு அருகிலேயே இருக்கிறது. ஆணி கழன்றதும் ஒயில் சட்டத்தில் விழுந்து, அதன் வழியே நாலு பக்கமும் ஓடி, சட்டி இல்லாத இடத்தில் சொட்டும். சட்டியை வைக்கவும் இடம் போதாது. இதற்கு விலை கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை. ஒரு பால்மாப் பேணியை வெட்டி விரித்து, கூரை ஓடு போல் வளைத்தால் ஒரு சாண் நீளமான தகர ஓடை கிடைக்கும். அதன் ஒரு நுனியை ஆணிக்குக் கீழே, சட்டத்துக்கு மேலே செருகி, மறு நுனியை ஏந்தும் கானுக்குள் விடுங்கள். தகரத்தின் விளிம்புகளைச் சுத்தியலால் மடித்துத் தட்ட மறக்க வேண்டாம், கையை வெட்டிவிடும். இயந்திரத்தை இரண்டு பேராகத் தூக்கி இரண்டு சீமெந்துக் கற்களின் மேல் வைத்தால் கான் வைக்க இடம் வரும். அதைக் கிணற்றடியிலிருந்து தள்ளி வைத்துச் செய்வது இன்னும் நல்லது. குழாயைக் கழற்றினால் இயந்திரத்தை எங்கும் கொண்டு போகலாம். கிணற்றைக் கொண்டு போக முடியாது.

ஏந்துவதற்கு எதைப் பாவிப்பது? வாய் திறந்த சட்டி, பேசின் எல்லாம் வடிக்கும் வரைக்கும் சரி. பிறகு தூக்கும்போதுதான் கூத்து. நாமே ஒரு தடவை சோறு வடிக்கும் அகன்ற சட்டி ஒன்றில் உழவு இயந்திரத்தின் ஒயிலை ஏந்தி, அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்து, தென்னை வேர் ஒன்றில் கால் தடக்கி, அரைவாசியைச் சாரத்திலும் மிச்சத்தை நிலத்திலும் ஊற்றினோம். அந்தச் சட்டியைக் குசினிக்காரம்மா திருப்பி எடுக்கவில்லை. அதிலும் நியாயம் உண்டு. ஒயில் ஏந்திய பாத்திரம் எதுவும் மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது.

ஆகவே மூடிய கானே சிறந்தது. கடையில் இதற்கென்றே செய்த தட்டையான கான்கள் உண்டு. படுக்க வைத்தால் மேல் முகத்தில் ஒரு குழியும் துளையும் இருக்கும். வடிந்த பின் துளையை அடைத்து, நிமிர்த்திப் பிடியில் பிடித்துக் கொண்டு போகலாம். கையில் பணம் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் ஒயில் வந்த 5 லீற்றர் வெற்றுக் கானிலேயே செய்துகொள்ளலாம். கானை அகன்ற பக்கத்தில் படுக்க வையுங்கள். அதன் வாய் கீழ்ப்பக்கமாகத் தாழ்ந்து இருக்கும்படி வைத்து, மேலே தெரிகின்ற முகத்தில் ஒரு சன்னல் வெட்டுங்கள். ஓரங்களில் இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டினால் கான் நெளியாது. நடக்கும்போது ஒயில் அலைந்தாலும் அந்த ஓரம் தடுத்துவிடும். மூடியின் உள்ளே இருக்கும் வோஷர் நல்லதா என்று முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒயில் வடிந்த பின், சன்னல் வானத்தைப் பார்த்தபடியே இருக்க, கானின் வாயைப் புனலுக்கு மேலே பிடித்து மூடியைத் திறந்து, பின்பக்கத்தை மெல்ல உயர்த்தினால் முழுவதும் சேமிப்புக் கானுக்குள் போய்விடும். 600 மில்லிலீற்றருக்கு இது தாராளம். பொதுவாக, எஞ்சினில் உள்ள ஒயிலைப் போல் ஒன்றரை மடங்காவது கொள்ளும் பாத்திரம் வேண்டும்.

லாண்ட்மாஸ்டர் என்று நாம் சொல்கின்ற இரு சில்லு உழவு இயந்திரத்தின் எஞ்சினில் 2 முதல் 3 லீற்றர் வரை இருக்கும்; மெசி பேர்கூசன் 240 போன்ற நாலு சில்லு இயந்திரத்தில் 7 லீற்றர் வரை வரும். உங்கள் இயந்திரத்தின் சரியான அளவைக் கைந்நூலில் பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு 10 அல்லது 20 லீற்றர்க் கானை மேற்சொன்ன விதமாகவே வெட்டலாம். பெரிய எஞ்சினில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆணி பக்கவாட்டில் இருந்தால் ஒயில் முதலில் எட்டிப் பாயும்; உள்ளே அளவு குறையக் குறைய எஞ்சினுக்குக் கிட்ட விழும்; கடைசியில் அடிப்பக்கத்தோடு ஒட்டி வடியும். சன்னல் அந்தப் பாய்ச்சலின் பக்கமாக நீண்டு இருக்க வேண்டும். கச்சான் காற்றுக் காலமாக இருந்தால், நூல் போல் வடிகின்ற ஒயிலைக் காற்று தள்ளிக்கொண்டு போகும். காற்று வரும் பக்கத்தில் ஒரு உரப்பையைக் கட்டி மறையுங்கள், அல்லது விடியற்காலையில் செய்யுங்கள். அதே காற்று மணலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. திறந்த எஞ்சினுக்குள் ஒரு சிட்டிகை மணல் போனால் புது ஒயில் ஊற்றி என்ன பயன்?

ஆணி பற்றி இரண்டு வார்த்தை. கழற்றுவதற்குச் சரியான அளவு றிங் ஸ்பனர் வேண்டும். குறட்டால் கடித்துத் திருப்பி மூலை மழுங்கிய ஆணிகளை எத்தனையோ கண்டிருக்கிறோம். சிறிய எஞ்சின்களின் உடல் அலுமினியம். ஸ்பனருக்குக் குழாய் போட்டு நீட்டி இறுக்கினால் புரி அறுந்துவிடும். பிறகு ஒவ்வொரு நாளும் சொட்டுத்தான். முதலில் கையாலேயே புரியைப் பிடிக்க விட்டு, பிறகு ஸ்பனரால் அளவாக இறுக்குங்கள். வோஷர் நசிந்திருந்தால் மாற்றுங்கள்.

சிலர் ஆணியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு திறப்பு வால்வைப் பூட்டுகிறார்கள். அதில் ஒரு றப்பர் குழாயைச் செருகித் திறந்தால் நேரே கானுக்குள் போய்விடும். ஒரு துளியும் சிந்தாது. கொட்டிலுக்குள் ஓரிடத்தில் நிலையாக நிற்கின்ற எஞ்சினுக்கு இது மிக நன்று. பழைய ஆணியைக் கடைக்குக் கொண்டு போய்ப் புரி பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். பொருந்தாததை முறுக்கி ஏற்றக் கூடாது. வயலுக்குள் இறங்கும் இயந்திரத்துக்கு இதை நாம் சொல்ல மாட்டோம். வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் வால்வில் ஒரு அடிக்கட்டையோ வரம்புக் கல்லோ அடித்தால் முழு ஒயிலும் வயலிலே போய்விடும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினும் போய்விடும்.

மேலால் உறிஞ்சுவது

உறிஞ்சும் கருவி முக்கியமாக வள்ளங்களுக்குப் பொருத்தமானது. உள்ளே எஞ்சின் பூட்டிய பெரிய வள்ளங்களில் ஆணிக்குக் கீழே கை போகாது. கை போனாலும் ஒயில் வள்ளத்தின் அடியில்தான் விழும். ஆகவே அளவுக் கோல் துளையில் ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பம்பினால் இழுத்து எடுப்பார்கள். (வள்ளத்தின் பின்னால் மாட்டும் இரு வீச்சு எஞ்சின்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, அவற்றில் ஒயில் எரிபொருளோடு கலந்து எரிந்து போகிறது.) இப்போது கார் கராஜ்களிலும் சிலர் இவ்வாறே செய்கிறார்கள்.

கடையில் கிடைப்பவற்றுள் ஒன்று கையால் அடிக்கும் வெற்றிடத் தாங்கி. பத்து இருபது தடவை பிடியை அடித்தால் தாங்கிக்குள்ளிருந்து காற்று வெளியேறும். பிறகு வெளியிலுள்ள காற்றின் அழுத்தமே ஒயிலைக் குழாய் வழியே உள்ளே தள்ளிவிடும். வடித்த ஒயில் மூடிய தாங்கியிலேயே இருப்பதால் சிந்த வழியில்லை. மின்சாரமும் தேவையில்லை. இன்னொன்று 12 வோல்ற் பற்றரியில் ஓடும் சிறு பம்ப். இதில் எமக்கு நல்ல அனுபவம் இல்லை. மலிவாக வந்தது என்று ஒன்றை வாங்கி, குளிர்ந்த ஒயிலில் வைத்து ஓட்டினோம். கூழ் போன்ற ஒயிலை இழுக்க முடியாமல் அது முனகி முனகி, பியூஸ் எரிந்து நின்றுவிட்டது. பிறகு சூடாக்கிச் செய்தபோது குழாய் இளகி ஒட்டிக்கொண்டது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒயிலுக்கென்று வாங்கிய மின் பம்பினால் பெற்றோலையும் இழுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அதன் மோட்டாரில் எழும் ஒரு பொறி போதும், கொட்டிலே எரிந்துவிடும்.

கையில் காசில்லாதவருக்கு மூன்றாவது ஒன்று உண்டு. மருந்துக் கடைகளில் நோயாளருக்குக் குழாயால் உணவூட்டப் பாவிக்கும் 60 மில்லிலீற்றர் சிரிஞ்சு விற்கிறார்கள். அதன் மூக்கில் ஒரு முழ நீளமான மெல்லிய பிளாஸ்ரிக் குழாயைச் செருகி, அளவுக் கோல் துளையால் அடி வரை விட்டு, சூடான ஒயிலை இழுத்து இழுத்துக் கானுக்குள் விடலாம். 600 மில்லிலீற்றருக்குப் பத்து இழுப்பு. சிறுவர் கூடச் செய்யலாம் என்று தோன்றும். ஆனால் சிறுவரிடம் விடாதீர்கள்.

எதைச் செய்தாலும் வாயால் மட்டும் உறிஞ்ச வேண்டாம். பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் எடுக்கக் குழாயில் வாய் வைத்து இழுப்பது எமது ஊர்களில் சாதாரணம். ஒரு மிடறு புரைக்கேறிச் சுவாசப்பைக்குள் போனால் நியூமோனியா போல் காய்ச்சலும் இளைப்பும் வந்து ஆளையே கொண்டு போகும். அப்படி யாருக்காவது நடந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

உறிஞ்சும் முறையில் ஒரு குறை இருக்கிறது. குழாயின் நுனி எப்போதும் ஆக அடியில் போய் நிற்பதில்லை, கசடு பின்தங்கும். இதைச் சோதிக்க எளிய வழி, எடுத்த ஒயிலை அளப்பதுதான். 600 இருக்க வேண்டிய எஞ்சினில் 450 தான் வந்ததென்றால், எரிந்து குறைந்ததைக் கழித்துப் பார்த்தாலும் நூறு வரை உள்ளே நிற்கிறது. இயந்திரத்தைச் சற்றுச் சரித்து, குழாயை வேறு பக்கமாக விட்டு மறுபடி இழுங்கள். லாண்ட்மாஸ்டர் போன்ற டீசல் எஞ்சின்களில் கரி அதிகம். அவற்றை மேலால் உறிஞ்சியே வருடக்கணக்கில் காலம் தள்ளுவதை நாம் ஏற்கமாட்டோம். வருடத்தில் ஒரு தடவையாவது ஆணியைக் கழற்றி அடியால் வடிக்க வேண்டும்.

அப்படியானால் யாருக்கு எது? தோட்டத்துக்கு ஒரு நீரிறைக்கும் இயந்திரம் மட்டும் வைத்திருக்கும் குடும்பம் கருவி எதையும் விலைக்கு வாங்க வேண்டாம். தகர ஓடையும், சன்னல் வெட்டிய கானும், ஒரு புனலும், சரியான ஸ்பனரும் போதும். ஸ்பனருக்கு மட்டும் காசு செலவழியுங்கள். அதில் மலிவு பார்க்க வேண்டாம். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து உழவு இயந்திரமும் நாலைந்து பம்புகளும் வைத்திருந்தால், கடைக் கான் ஒன்றைப் பொதுவில் வாங்குவது தகும். வெற்றிடத் தாங்கி, ஆணிக்குக் கை போகாத எஞ்சின் உள்ளவர்களுக்கு மட்டும். எமது பங்கு மனையின் மின்பிறப்பாக்கியை ஆணி சுவரைப் பார்த்தபடி சீமெந்தில் பூட்டிவிட்டார்கள். எத்தனையோ தடவை சுவரைத் திட்டிய பிறகு அதற்காக ஒரு வெற்றிடத் தாங்கி வாங்கினோம். அது இன்றும் நன்றாக உழைக்கிறது. அதை இரவல் கேட்டு வருகின்ற நண்பர்களிடம் முதலில் ஆணியைப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறோம்.

புனல் இரண்டு வேண்டும். ஒன்று பழையதற்கு, மற்றது புதியதற்கு. ஒன்றைக் கழுவிக் கழுவி இரண்டுக்கும் பாவிக்கலாம் என்று நினைப்பது வீண். கழுவுகின்ற மண்ணெண்ணெய் எங்கே போகும்? புதிய ஒயில் ஊற்றும் புனலை ஒரு பொலித்தீன் பையில் கட்டித் தூக்கி வையுங்கள். ஊற்றிய பின் அளவு பார்க்கும்போது இயந்திரம் சமதரையில் நிற்க வேண்டும். ஜி.எக்ஸ் வகைகளில் அளவுக் கோலைத் திருகாமல், வெறுமனே செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். பலர் திருகிப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

வடித்த பின்

பழைய ஒயிலைச் சேர்த்து வைக்க, ஒயில் வந்த கானே நல்லது. தண்ணீர்ப் போத்தலிலும் சோடாப் போத்தலிலும் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் உள்ள வீடு. கிருமிநாசினி வந்த கானும் வேண்டாம். தண்ணீர், பெற்றோல், பிறேக் ஒயில் எதுவும் கலந்துவிட்டால் வாங்குபவர் வாங்கமாட்டார். கழிவு ஒயிலுக்கு வாங்குவோர் உண்டு. சேவிஸ் நிலையங்களிலிருந்து சேகரிக்கிறார்கள், சூளைகளில் எரிபொருளாகிறது. புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் இத்தகைய ஆபத்தான கழிவுகளை உயர்ந்த வெப்பத்தில் எரிக்கிறார்கள். குச்சவெளியிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். ஒரு குடும்பத்தின் ஒரு லீற்றருக்காக யாரும் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. ஆனால் கமக்காரர் குழுவுக்கு ஒரு 20 லீற்றர்க் கான் இருந்தால், அது நிறைந்ததும் வெங்காயம் ஏற்றுகின்ற லொறியிலே போய்விடும். எடுப்பார்களா என்று முன்கூட்டியே ஒரு சேவிஸ் நிலையத்தில் பேசி வையுங்கள்.

வேலிக் கதிகாலுக்கும் கூரை மரத்துக்கும் கறையான் வராமல் பூசுகிறோமே என்று கேட்பீர்கள். பூசுகிறார்கள், நாமும் பூசியிருக்கிறோம். மண்ணுக்குள் போகும் முனைக்குப் பூசினால் மண்ணில் ஊற்றியது போலத்தான். மழை படாத கூரை மரத்துக்குத் துணியால் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டுக்குள் ஆள் படுக்கும் இடத்துக்கு அதுவும் வேண்டாம். மாட்டுப் புண்ணுக்குப் பூசுவதை அடியோடு விட வேண்டும். மாடு அதை நக்கும். ஓடிப் பழகிய ஒயிலில் எரிந்த கரியிலிருந்து வருகின்ற, புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களும், தேய்ந்த உலோகமும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே உங்கள் கையிலும் படாமல் பாருங்கள். கையுறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையை மாட்டிக் கட்டுங்கள். பட்டுவிட்டால் பெற்றோலால் கழுவாமல், முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சவர்க்காரம் போடுங்கள்.

சிந்திவிட்டால் தண்ணீர் ஊற்றவோ சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவவோ வேண்டாம். ஒயிலை இன்னும் ஆழத்துக்கு நாமே அனுப்பி வைப்பதாகும். உமியோ மரத்தூளோ போட்டு ஊற விட்டு, கறுத்த மணலோடு சேர்த்து மண்வெட்டியால் சுரண்டி உரப்பையில் கட்டி, மழை நனையாத இடத்தில் வையுங்கள். ஒயில் மாற்றத் தொடங்கு முன்னரே ஒரு பழைய தறப்பாளை விரித்து, அதன் மேல் ஒரு வாளி உமியைப் பரப்பினால் இந்த வேலையும் மிஞ்சும்.

நாம் முதலில் சொன்ன அந்தக் கிணற்றடியில், கறுத்த மணலை இரண்டு முழ ஆழத்துக்கு வெட்டி அள்ளினோம். பதினொரு உரப்பை வந்தது. இயந்திரத்தைப் பதினைந்து எட்டுத் தள்ளி, கீழே சீமெந்துத் தளம் போட்டு, சுற்றி நாலு விரல் உயரத்துக்கு வரம்பு கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு மாரி போய்விட்டது. படலம் குறைந்திருக்கிறது; மணம் இன்னும் முற்றாகப் போகவில்லை. குடிக்கிற தண்ணீருக்கு அந்தத் தாய் இன்னமும் பக்கத்து வளவுக்குத்தான் போகிறார். மகன் தகர ஓடையை வேலியில் கொழுவி வைத்திருக்கிறான். பம்பின் பிடியில் கம்பியால் கட்டிய ஒரு தகரத் துண்டில், கடைசியாக ஒயில் மாற்றிய திகதியை ஆணியால் கீறியிருக்கிறான்.